எந்தக் காதை முறுக்குவது?

மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகரில் இருக்கும் என் ஆபீசுக்குப் போய்வர ஒரு சைக்கிள் தேவைப்பட்டது. யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்கள் விலைக்கு வந்த சமயம். ராயப்பேட்டையில் பழைய சைக்கிள் விற்கும் பாய் கடையில், நடுவில் மடிகிற சைக்கிள் ஒன்று இருந்தது. மழை வந்தால் மடித்து ஜட்காவில் ஏற்றிவிடலாமே என்று அதையே தேர்ந்தெடுத்தேன்.

கிளம்பும்போது பாய், "தெனம் ஏறதுக்கு முன்னால ரெண்டு காதையும் நல்லா முறுக்கிக்கோ சாமி, மறந்தா ஆபத்து" என்றார்.

தோப்புக்கரணம் போட்டே வளர்ந்தவன் நான். நம் பிள்ளையார் மேல் பாய்க்கு இவ்வளவு பக்தியா என்று நெகிழ்ந்துபோனேன். மூன்று நாள், காலையும் மாலையும், காது சிவக்க முறுக்கிவிட்டுத்தான் ஏறினேன்.

நான்காம் நாள் லஸ் முனையில், மழையே இல்லாமல், சைக்கிள் தானாக மடிந்தது. கூடவே நானும் மடிந்தேன். இரண்டு முழத் தூரத்தில் டிராம் கிறீச்சிட்டு நின்றது.

"சைக்கிள மடிக்க வேற எடம் கெடைக்கலியா சாமி?" என்று கத்தினார் டிராம் டிரைவர்.

நொண்டிக்கொண்டே பாய் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். "நீர் சொன்னபடி தெனமும் காதை முறுக்கிண்டுதானே ஏறினேன்!"

"எந்தக் காத?"

தொட்டுக் காட்டினேன். பாய்க்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

"ஐயே, உன் காத யாரு கேட்டா? சைக்கிள் காது இங்க கீது பாரு!"

மடிப்பு மூட்டில், காது மாதிரி விரிந்த இரண்டு திருகுகள் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

இப்போது தினமும் முதலில் சைக்கிளின் காதைத்தான் முறுக்குகிறேன். டிராம் நின்ற தூரத்தை நினைத்து, அப்புறம் என் காதையும்.