வீட்டுக்கு அடியில் இருந்த பல் மருத்துவமனை

அவரைச் சொட்டு அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். குழாய் வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. சுவரை உடைக்காமல் அதற்குள் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று சொல்கிறவர் அந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். மின்விசிறியை நிறுத்தச் சொல்வார், காதைச் சுவரில் வைப்பார், கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து ஓர் இடத்தைச் சுட்டுவிரலால் தட்டுவார். அங்கே கொத்தினால் ஈரம் இருக்கும். அவருடைய சொந்த வீட்டுக் குளியலறைக் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தது. அதன் கீழே ஒரு வாளி நிரந்தரமாக வைக்கப்பட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் அவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவார். கட்டைகளை அடுக்கி வீடு கட்டுகிற விளையாட்டு. மண், மரம், கல், தண்ணீர் எல்லாமே அதில் சதுரக் கட்டைகள்தான். எவ்வளவு தூரம் நடந்தாலும் அந்த உலகம் முடியாது. மண்ணுக்கு அடியில் அந்த விளையாட்டே சில கட்டடங்களை ஒளித்து வைத்திருக்கும். கைவிட்ட சுரங்கம் இருக்கும், பாதாள அறை இருக்கும், எங்கோ ஒரு கற்கோட்டையும் இருக்கும். அது இருக்கிற இடத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். நாமேதான் தோண்டிக் கண்டுபிடிக்க வேண்டும். சொட்டு அண்ணன் அங்கேயும் காதை வைத்துத்தான் தேடினார்.

"நம்ம வீட்டுக் குழாய் சொட்டுறது கேக்கல. அங்க பூமிக்கு அடியில எலி ஓடுறது கேக்குது" என்பாள் மனைவி.

"எலி இல்லம்மா, வௌவால்."

"அதுக்கும் சேத்து ஒரு வாளி வைங்க."

இந்த விளையாட்டை அவருக்குக் காட்டிக் கொடுத்தவன் மச்சினன், மனைவியின் தம்பி. எலக்ட்ரீசியன். இருவரும் ஒன்றாகவே வேலைக்குப் போவார்கள். பூசிய சுவர் காய்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமே என்று செல்போனில் ஆரம்பித்ததுதான். அந்த உலகம் மச்சினன் வீட்டில் இருந்த ஒரு பழைய கணினியில் ஓடியது. அது ஓடுகிற வரைக்கும் யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டிலிருந்தே உள்ளே போகலாம், வரலாம்.

பிறகு பல் மருத்துவமனை விவகாரம் வந்தது. அதற்கு அப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

நடந்தது இவ்வளவுதான். பல் டாக்டரின் அறையில் கை கழுவும் தொட்டிக்குக் குழாய் போட்டவர் சொட்டு அண்ணன். தொட்டியிலிருந்து குழாய் நேராக மேலே போய், எல்போ என்கிற வளைவுத் துண்டில் திரும்பி, பக்கவாட்டில் போக வேண்டும். அப்படித்தான் போடுவார்கள். அதை நம்பித்தான் மற்ற வேலைக்காரர்கள் சுவரில் ஓட்டை போடுவார்கள். அன்றைக்கு ஓர் எல்போ குறைந்தது. கடைக்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். சொட்டு அண்ணன் பையில் கிடந்த வளைகிற குழாயை எடுத்து மூலைக்கு மூலை கோணலாக இழுத்து இணைத்து, மேலே பூசிவிட்டார். சில மாதம் கழித்து மச்சினன் அதே சுவரில் விளக்கு மாட்ட வந்தான். தொட்டிக்கு நேர்மேலே போகாமல் ஒழுங்காகத் தள்ளி நின்றுதான் டிரில்லை வைத்தான். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தவருக்கு டாக்டர் சொல்வதற்கு முன்பே வாய் கொப்பளிக்க நேர்ந்தது.

சொட்டு அண்ணனை ஆள் அனுப்பிக் கூட்டி வந்தார்கள். "இது யார் தப்பு?" என்று கேட்டார் டாக்டர்.

சொட்டு அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "குழாய் இருக்கிற இடத்துல ஓட்டை போட்டா தண்ணி வரத்தான் செய்யும் டாக்டர்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. மச்சினன் சுவருக்குள் ஒரு முறை பார்த்தான், மாமாவின் முகத்தை ஒரு முறை பார்த்தான், டிரில்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். சொட்டு அண்ணன் தனியாகவே சுவரைத் திறந்து, இந்த முறை எல்போ வைத்து நேராகப் போட்டு மூடினார். குழாய் கோணலாக இருந்த விஷயம் அவருக்குத் தெரியும், மச்சினனுக்குத் தெரியும், சுவருக்குத் தெரியும். மூவரும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் மட்டும் வாயைத் திறக்க வந்த ஒவ்வொருவரிடமும் அந்த எலக்ட்ரீசியனைப் பற்றிச் சொன்னார். மச்சினனைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

"தம்பி மாசக் கடைசியில வெளியூர் போறான்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி சொன்னாள். "ஏதோ கம்பெனியில சேரப் போறானாம். வீட்டைக் காலி பண்றான். தப்பு அவன்மேலதான், நானே அவனைத் திட்டியிருக்கேன். இருந்தாலும் பெரியவர் நீங்கதானே, போய் ஒரு வார்த்தை பேசினா என்ன? போனவன் திரும்பி வருவானா?"

"அந்தக் கணினி?" என்று கேட்டார் சொட்டு அண்ணன்.

அவள் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

பேச்சு நின்ற பிறகும் இருவரும் அந்த உலகத்துக்குள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவர் இருக்கும் நேரம் இன்னொருவர் வருவதில்லை, அவ்வளவுதான். மச்சினன் நினைத்திருந்தால் அவரை உள்ளே விடாமல் பூட்டியிருக்கலாம். ஏனோ பூட்டவில்லை.

அன்றைக்கு அவர் விளையாட்டில் கட்டியிருந்த தன் வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தபோது தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அந்த வீட்டுப் பக்கத்தில் ஆறும் இல்லை, குளமும் இல்லை. நாலு பக்கமும் நடந்து பார்த்தார். அடுப்புக்குப் பக்கத்தில் சத்தம் கூடியது. அங்கேயே படிக்கட்டு வெட்டிக்கொண்டு கீழே இறங்கினார். மண் முடிந்து பாறை வந்தது, பாறை முடிந்து செதுக்கிய கற்சுவர் வந்தது.

"கோட்டை" என்றார், யாரிடமும் இல்லாமல்.

ஒரு கல்லைப் பெயர்த்தார். உள்ளே வெளிச்சம். நீண்ட நடை, அதன் இடது பக்கத்தில் மட்டும் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் தீப்பந்தங்கள். திரும்பும்போது அவை வலது பக்கம் வந்தால் வழி சரி என்று அர்த்தம். அந்த உயரமும் சுவிட்ச் வைக்கிற உயரம். அப்படித் தீப்பந்தம் வைக்கிறவன் ஒருவன்தான் உண்டு.

நடை ஓர் அறையில் முடிந்தது. வெள்ளைச் சுவர், கை கழுவும் தொட்டி, நடுவில் சாய்வு நாற்காலி. ஒரு பக்கச் சுவர் மட்டும் முழுக்கக் கண்ணாடி. அதற்குள் நீலக் கட்டைகளால் ஒரு குழாய் மூலைக்கு மூலை போனது. கட்டை உலகத்தில் சாய்வு என்று ஒன்று கிடையாது. அதனால் குழாய் படிப்படியாக, படிக்கு ஓர் எல்போவாக ஏறியது. ஓர் எல்போ இல்லாமல் கோணலாகப் போட்ட குழாய்க்கு அங்கே எல்போக்களாகவே செலவாகியிருந்தது. நடுவில் ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் நாற்காலிமேல் விழுந்துகொண்டிருந்தது.

மனைவி பின்னால் வந்து நின்றிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"இது பல் டாக்டர் ரூம் மாதிரியே இருக்கு."

"அதுவேதான்."

"குழாய் ஏன் இப்படிக் கோணலா போகுது?"

சொட்டு அண்ணன் ஹெட்ஃபோனைக் கழற்றினார். குளியலறையில் வாளிக்குள் சொட்டு விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

"நீங்க போட்டது இப்படித்தானா?"

"ம்."

"இது தெரியாமத்தான் அவன் தள்ளி ஓட்டை போட்டானா?"

"ம்."

"நான் அவனை என்னென்ன பேசினேன் தெரியுமா? 'டிரில்ல பிடிக்கத் தெரியாதவன்'னு அவன் மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். 'சரிக்கா'ன்னு கேட்டுக்கிட்டு இருந்தான்." அவள் சமையலறைக்குப் போனாள். பாத்திரம் ஒன்று தேவைக்கு மேல் சத்தமாக வைக்கப்பட்டது.

அவர் திரைப்பக்கம் திரும்பினார். என்ன செய்வதென்று தெரியாத நேரத்தில் கை தெரிந்த வேலையைச் செய்யும். கண்ணாடியை எடுத்தார், படிகளைப் பெயர்த்தார், குழாயை நேராக மேலே ஏற்றி, ஓரிடத்தில் திருப்பி, பக்கவாட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். எல்லாம் முடிகிற நேரத்தில் போன் அடித்தது. மச்சினன்.

"மாமா, கணினியைக் கழட்டலாம்னு வந்து பாத்தேன். வால்வை மூடாமலா குழாய்ல கை வெச்சீங்க?"

"ஏன்?"

"தண்ணி படியில எறங்கி, கோட்டைக்குக் கீழ நான் கட்டி வெச்சிருக்கிற கோழிக் கூட்டுக்குள்ள போயிருச்சு. கோழியெல்லாம் நீந்துது."

"வால்வு எங்க வெச்சிருக்க?"

"தொட்டிக்குக் கீழ. நீங்க எப்பவும் வெக்கிற இடம்தான்."

மூடினார். திரையில் தண்ணீர் நின்றது.

"மாப்ள, கோணலா போட்டது நான்தான்."

"தெரியும் மாமா. அதைத்தானே கட்டி வெச்சேன்."

"டாக்டர்கிட்ட சொல்லணும்."

"சொல்லுங்க."

"நீயும் வா. தனியாப் போனா வேற ஏதாவது சொல்லிட்டு வந்துருவேன்."

"எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு. சரி, இந்த நடையெல்லாம் நீ கட்டினதா?"

"இல்ல, அதுதான் கோட்டை. உங்க வீட்டுக்கு நேர் கீழயே இருந்துச்சு. ஒரு ரூமை மட்டும்தான் நான் மாத்தினேன். நாமதான் பேசிக்கிறதில்லையே, எப்படிச் சொல்றது?"

மறுநாள் பத்து மணிக்கு டாக்டரின் இரண்டு கைகளும் ஒருவர் வாய்க்குள் இருந்தன. சொட்டு அண்ணன் வாசலிலேயே நின்று, எல்போ தீர்ந்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். கடைக்காரரின் மதியச் சாப்பாட்டைக்கூட விடவில்லை. டாக்டர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அப்ப தப்பு உங்களுது."

"என்னுதுதான் டாக்டர்."

"நான் இவரைச் சொல்லிக்கிட்டு இருந்தேனே, இத்தனை பேர்கிட்ட."

"இனிமே என்னைச் சொல்லுங்க."

டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்து மச்சினனைப் பார்த்தார். "அந்த விளக்கு இன்னும் அட்டைப்பெட்டியிலதான் இருக்கு. மாட்டுறீங்களா?"

"டிரில்ல கொண்டுவந்திருக்கேன்."

"பக்கத்து ரூமுக்கும் ஒண்ணு சொல்லியிருக்கேன். அடுத்த மாசம்தான் வரும்."

மச்சினன் டிரில்லின் ஒயரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். சிக்கு பெரிதாக ஒன்றும் இல்லை. "அடுத்த மாசம் வரேன் டாக்டர்" என்றான். சொட்டு அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மச்சினன் சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தான்.

"மாமா, இங்க போடலாமா?"

சொட்டு அண்ணன் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். காதைச் சுவரில் வைத்தார், கண்ணை மூடினார். அறையில் யாரும் அசையவில்லை.

"போடு."

டிரில் சுற்றத் தொடங்கியது. நாற்காலியில் படுத்திருந்தவர் மட்டும் வாயை மூடிக்கொண்டார்.