தண்ணீரில் ஓடிய இன்ஜின்

கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தா காலம் முடிந்து நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த சமயம். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுப்பேன், வீட்டுக்கு வருவேன், சமைப்பேன். கணவர் இறந்த அன்று அழுததோடு சரி. அதற்குப் பிறகு எனக்கு எதுவும் தோன்றவில்லை. பசிகூட மணியைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை தம்பி வந்தான். கோட்டைப்பட்டினத்தில் அவனுக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது.

"லாத்தா, ஒரு எட்டு ஷெட்டுக்கு வந்துட்டுப் போங்க. திருவரங்குளத்துப் பக்கத்து மெக்கானிக் ஒருத்தரு அங்க வந்து தண்ணியில இன்ஜின் ஓட்டுறாரு. பாதி டீசல் போதுமாம். பாதிப் பேரு அதிசயங்கிறாங்க, பாதிப் பேரு பிராடுங்கிறாங்க. ரெண்டு போட்டுல ஏற்கனவே மாட்டியாச்சு. நீங்க பாத்துச் சொன்னா நானும் மாட்டிருவேன்."

மறுக்கக் காரணம் எதுவும் தோன்றாததால் போனேன்.

ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் ஒரு படகு இன்ஜினைச் சட்டத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள். படகுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். மெக்கானிக்குக் கணவரின் வயதுதான் இருக்கும். சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"டீச்சர், ஒங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. தண்ணிக்குள்ள கரண்டு விட்டா கேஸ் வரும். அதை இன்ஜினுக்குள்ள அனுப்புறேன். அம்புட்டுதான்."

அவர் சொன்னது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். ஜாடிக்குள் எஃகுத் தகடுகள், மேலே குமிழிகள், அங்கிருந்து இன்ஜினுக்கு ஒரு ரப்பர் குழாய். ஆனால் அந்தக் கரண்டைக் கொடுப்பதும் அதே இன்ஜின்தான். செலவழித்ததைவிடக் கூடுதலாக எப்படித் திரும்பி வரும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பார்க்கத்தானே கூப்பிட்டிருந்தார்கள்.

அளவுக்கோடு போட்ட கேனிலிருந்து டீசல் இறங்கியது. முதலில் கருவி இல்லாமல் ஓட்டினார். பிறகு சுவிட்சைப் போட்டார். டீசல் நிஜமாகவே மெதுவாக இறங்கியது. கூட்டத்தில் சலசலப்பு.

"சத்தத்தக் கேளுங்க, எப்படி மெதுவாயிருச்சு!" என்றார் மெக்கானிக்.

எல்லோரும் கேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜாடியின் பக்கத்தில் நின்றேன். கையை நீட்டி ரப்பர் குழாயை இரண்டாக மடித்து இறுக்கிப் பிடித்தேன். இனி இன்ஜினுக்குள் கேஸ் போகாது. டீசல் முன்போலவே மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"இங்க பாருங்க" என்றேன்.

என் கையைப் பார்த்த ஒரு படகுக்காரர், "பிராடுப் பய!" என்று கத்தினார். யாரோ மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்தார்கள். தம்பி விலக்கிவிட்டான்.

"இல்லங்க, சத்தியமா இல்லங்க" என்றார் அவர். அப்போதும் அவருடைய வலது கை ஆக்சிலேட்டர் லிவரின் மேல்தான் இருந்தது.

"கையை எடுங்க" என்றேன். தம்பியிடம் லிவரை ஒரே இடத்தில் கயிறு போட்டுக் கட்டச் சொன்னேன். மறுபடி ஓட்டினோம். சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் டீசல் ஒரே மாதிரி இறங்கியது. சுவிட்சைப் போடும் ஒவ்வொரு முறையும் அவர் கை லிவரைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது. அவ்வளவுதான் அந்த இன்ஜினின் அதிசயம்.

கூட்டம் திட்டிக்கொண்டே கலைந்தது. அவர் போகவில்லை. தானே சுவிட்சைப் போட்டுப் பார்த்தார், அணைத்துப் பார்த்தார். டீசல் தீரும்வரை பார்த்தார். பிறகு உள்ளங்கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நான் வேணும்னு செஞ்சேன்னு நெனைக்கிறீங்களா?"

"தெரியலங்க" என்றேன்.

வேறு யாராவது அந்த இடத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்பார்கள். எனக்கு இரக்கமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கைவிரல்களில் ரப்பர் வாடை அடித்தது மட்டும் நினைவிருக்கிறது.

பைக்கில் திரும்பும்போது தம்பி கேட்டான். "மிஷின் பொய்தான். ஆளு எப்படி லாத்தா? ஏமாத்துக்காரனா, ஏமாந்தவனா?"

ஆட்களை எடைபோடுவது எங்கள் வீட்டில் கணவரின் வேலை. வாசலில் செருப்பைக் கழற்றும் விதத்தை வைத்தே ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அவரிடம் கேட்க முடியாது என்பது எனக்குத் தெரிந்த செய்திதான். அந்த பைக்கில் அதை இன்னொரு முறை தெரிந்துகொண்டேன். அப்போதும் அழுகை வரவில்லை.

"எனக்குக் குழாயத்தான் பாக்கத் தெரியும்" என்றேன்.

தம்பி கருவியை வாங்கவில்லை. மாட்டிய இருவரில் ஒருவர் கழற்றி எறிந்தார். இன்னொருவர், டீச்சருக்கு என்ன தெரியும், எனக்கு டீசல் மிச்சமாகிறது என்று அதோடுதான் கடலுக்குப் போகிறார். மெக்கானிக் பழையபடி மோட்டார் பம்புகளைப் பழுது பார்க்கிறாராம். சமீபத்தில் தம்பிக்குப் போன் செய்து, கருவியை மாற்றிச் செய்தால் டீச்சர் இன்னொரு தடவை பார்ப்பார்களா என்று கேட்டிருக்கிறார்.

"வரச் சொல்லு. லிவரைக் கட்டிட்டுத்தான் பாப்பேன்னும் சொல்லிரு" என்றேன்.