சியேனா ஓவியத்தின் முன்னால் நான் செய்த பிழை

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதக் குளிரில், மத்திய லண்டனில் உள்ள ஓர் ஓவியக் கூடத்தில் நடந்தது இது. அங்கே எனக்குக் காவலாளி வேலை. அறையில் ஒரு கதிரையில் இருந்து, யாரும் படங்களைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் கிழக்கு லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டில், வருகிறவர்களுக்கு ஓவியங்களை விளக்கிச் சொல்வதுதான் என் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். ஊரில் படிப்பித்தவன் நான். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

இத்தாலியில் மலைமேல் இருக்கும் சியேனா என்ற பழைய நகரத்திலிருந்து வந்த ஓவியம் ஒன்று என் அறையில் இருந்தது. எழுநூறு வருடங்களுக்கு முன் அந்த ஊர்த் தேவாலயத்துக்காக வரைந்த பெரிய பலகை ஓவியத்தின் சிறு துண்டு. புத்தகங்கள் தேடி அதைப் பற்றி வாசித்தேன். ஓவியம் முடிந்த நாளில் ஊரே கடைகளைப் பூட்டிவிட்டு, மணி ஒலிக்க, அதை ஊர்வலமாகக் கொண்டுபோனதாம். பல தலைமுறை கழித்து வந்தவர்கள் அதையே துண்டு துண்டாக அரிந்து பிரித்தார்களாம். சாப்பிடும்போது இதை என் ஒன்பது வயது மகளுக்குச் சொல்வேன். எங்கட தேர் மாதிரியா என்று கேட்பாள்.

ஒருநாள் அவளுடைய வகுப்பே அங்கு வந்தது. என்னை ஆச்சரியப்படுத்த எனக்குச் சொல்லாமல் வைத்திருந்தாள். வழிகாட்டிப் பெண் பிள்ளைகளை அந்த ஓவியத்தின் முன் தரையில் இருத்தினாள். சீருடையுடன் கதிரையில் இருந்த என்னை மகள் கண்டாள். முகமெல்லாம் சிரிப்பாக, தோழிக்கு என்னைக் காட்டக் கையைத் தூக்கினாள். நான் எழுந்து வாசல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

உன் அப்பாவும் இங்கேதானே வேலை செய்கிறார் என்று ஆசிரியை அவளிடம் கேட்டது காதில் விழுந்தது. இன்றைக்கு அவருக்கு லீவு என்றாள் மகள்.

அன்று மாலை நான் சப்பாத்தைக் கழற்றும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"எல்லாரிட்டையும் சொல்லிப்போட்டன், அப்பா கதை சொல்லுவார் எண்டு. ஏன் அங்கால திரும்பினீங்கள்?"

"நான் வெறும் காவலாளி, பிள்ளை. உனக்கு வெக்கமாயிருக்கும் எண்டு நினைச்சன்."

"எனக்கு வெக்கம் இல்லை. நீங்கள்தான் என்னைத் தெரியாத மாதிரி நிண்டீங்கள்."

அவள் அழவில்லை. மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சீருடையைத் தோய்க்கிறவளுக்கு நான் காவலாளி என்பது எப்போதோ விளங்கியிருந்தது.

மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. சியேனாவுக்கு ஒருமுறை போவோமா என்று கேட்டால், பார்ப்பம் என்கிறாள், அவ்வளவுதான். என்னுடைய வெட்கத்தை அவளுடையது என்று நினைத்து, அத்தனை பேர் நடுவே அவளைத் தனியே விட்டேனே, அதை எத்தனை தரம் மன்னிப்புக் கேட்டும் என்னால் சரிசெய்ய முடியவில்லை.