பாப் மூன்று

ஹெர்மீனுக்கு வேலை முட்டை பார்ப்பது. பார்னெவெல்ட் ஊருக்கு வெளியே, முட்டை பிரித்துக் கட்டும் கொட்டகையில், ஒரு இருட்டுத் தடுப்புக்குள் நின்றிருப்பாள். அடியில் விளக்கெரியும் உருளைகளின் மேல் முட்டைகள் உருண்டு உருண்டு வரும். விரிசல் இருந்தால், ரத்தப் பொட்டு இருந்தால் கை போகும், முட்டை வாளிக்குப் போகும். யோசிக்கிற வேலையில்லை. யோசித்தால் பத்து முட்டை தாண்டிப் போய்விடும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதுதான் அவள் பிழைப்பு.

அங்கே ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு நம்பர் குத்துவார்கள். சைபர் என்றால் மருந்தில்லாத தீனி தின்று மேய்ந்த கோழி. ஒன்று என்றால் வெளியே போய்வருகிற கோழி. இரண்டு, கொட்டகைக்குள்ளேயே கிடப்பது. மூன்று, கூண்டுக் கோழி. நம்பர் ஏற ஏறச் சரக்கு மட்டம். இந்தக் கணக்கு ஹெர்மீனின் ரத்தத்தில் ஊறிப்போனது.

அந்த நாட்டில் முப்பது வயதுக்கு மேல் பெண்களைச் சில வருஷத்துக்கு ஒருமுறை கர்ப்பப்பை வாய்ச் சோதனைக்குக் கூப்பிடுவார்கள். ஹெர்மீன் ஒன்றையும் விட்டதில்லை. போவாள், படுப்பாள், டாக்டரின் உதவியாளர் ஒரு சின்னத் தூரிகையால் தேய்த்து எடுக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள், வந்துவிடுவாள், மறந்துவிடுவாள். ஐம்பது நெருங்கும்போது வந்த அழைப்புக்கும் அப்படித்தான் போய்விட்டு வந்தாள்.

போன் வந்தபோது அவள் தடுப்புக்குள் நின்றிருந்தாள். காதடைப்பை ஒரு பக்கம் விலக்கிக்கொண்டு எடுத்தாள். கொட்டகை முழுக்க இயந்திரச் சத்தம்.

“டாக்டர் ஆபீஸ்ல இருந்து பேசறேங்க. உங்க சோதனை முடிவு வந்திருக்கு…”

மேற்கொண்டு அந்தப் பெண் நிறையத்தான் பேசினாள். ஹெர்மீனின் காதில் விழுந்தது மூன்றே விஷயம். பாப் மூணு. ஆஸ்பத்திரி. அவங்களே கூப்பிடுவாங்க.

“சரிங்க. ரொம்ப நன்றி,” என்று வைத்துவிட்டு முட்டை பார்க்கப் போனாள். கேள்வி கேட்கிற பழக்கம் அவளிடம் கிடையாது. டாக்டர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், நாம் போய் நச்சரிக்கக் கூடாது என்று வளர்ந்தவள்.

ஆனால் மூன்று என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். எதிர்ப் பண்ணை லூபெர்ட்டுக்கு நுரையீரலில் மூன்றாம் கட்டம் என்று சொன்னார்கள். உருளைக்கிழங்கு நட்ட சமயம் சொன்னார்கள். தோண்டுகிற சமயம் அவர் இல்லை.

வீட்டில் சொல்லவில்லை. புருஷன் டியூனிஸ் கோழிப் பண்ணைகளுக்குத் தீனி லாரி ஓட்டுகிறவன். நல்லவன், பேச்சு குறைவு. அவனிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. கர்ப்பப்பை வாய் என்ற சொல்லை இத்தனை வருஷக் குடித்தனத்தில் இருவருமே வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒருமுறை போனில் தேடிப் பார்த்தாள். முதல் படத்தைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அத்தோடு தேடலும் முடிந்தது.

வேறு வேலைகளில் இறங்கினாள். ஜன்னல்களை உள்ளும் புறமும் தேய்த்தாள். உறைபெட்டியைக் காலிசெய்து, ஒவ்வொரு டப்பாவிலும் என்ன கறி, எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரம் சூடாக்க வேண்டும் என்று எழுதி ஒட்டினாள். கழிப்பறைச் சுவரில் தொங்கும் பிறந்தநாள் காலண்டரில் பெயர்களுக்குப் பக்கத்தில் யாருக்குப் பூ, யாருக்கு மது, யாருக்கு வாழ்த்து அட்டை போதும் என்று குறித்து வைத்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை டியூனிஸைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினாள்.

“வெள்ளை தனி. கலர் தனி. உன் வேலை பேன்ட் எல்லாத்துக்கும் தனி. இந்தப் பொத்தான்.”

“எதுக்கு எனக்கு?”

“தெரிஞ்சு வச்சுக்கோ.”

“என்னை வீட்ட விட்டுத் துரத்தப் போறியா?”

“பொத்தானப் பாரு.”

டியூனிஸ் பொத்தானைப் பார்த்தான். அவளையும் பார்த்தான். இது ஐம்பது வயதுக் கோளாறு, தானாகச் சரியாகிவிடும் என்று முடிவு செய்துகொண்டு லாரி கழுவப் போய்விட்டான். ஆம்பிளைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிவு செய்வார்கள். அதில் சௌகரியம் இருக்கிறது.

கொட்டகையில்தான் அவள் பயம் வெளியே தெரிந்தது. வருகிற முட்டையில் எல்லாம் அவளுக்குப் பொட்டு தெரிய ஆரம்பித்தது. நிழலைக்கூடத் தூக்கி எறிந்தாள். வாளி நிறைய நிறைய மாற்ற வேண்டியிருந்தது. மேற்பார்வையாளன் வந்து தடுப்புக்குள் தலையை நீட்டினான்.

“என்ன ஹெர்மீன், இன்னைக்கு மாகாணத்துல இருக்கற கோழிக்கெல்லாம் சீக்கா?”

“சந்தேகமா இருந்துச்சு.”

அவன் வாளியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து விளக்கில் வைத்துச் சுழற்றினான். இன்னொன்றை எடுத்தான். இரண்டையும் திரும்ப உருளையில் வைத்தான்.

“கண்ணு வலிச்சா சொல்லு, பெட்டி மடிக்கிற பக்கம் போயிடலாம்.”

மறுநாள் முதல் பெட்டி மடித்தாள். அதில் கைக்குத்தான் வேலை, மனதுக்கு வேலையில்லை. அதனால் அது இன்னும் மோசமாக இருந்தது.

இதற்கு நடுவில் அவளுடைய ஐம்பதாவது பிறந்தநாள் வந்தது. அந்த ஊரில் பெண்ணுக்கு ஐம்பது முடிந்தால் ‘சாராவைப் பார்த்துவிட்டாள்’ என்பார்கள். வேதத்தில் வரும் ஆபிரகாமின் மனைவி சாரா. அன்று காலை, பிறந்தநாள்காரி எழுந்திருக்கும் முன்பே, சொந்தக்காரர்கள் வைக்கோலும் பழந்துணியும் அடைத்து ஒரு கிழவிப் பொம்மை செய்து வீட்டு முன்புறத் தோட்டத்தில் உட்காரவைத்துவிடுவார்கள். தெருவே ஹாரன் அடித்துக்கொண்டு போகும். மானம் போகும். யாரும் தப்ப முடியாது.

ஹெர்மீன் தன் நாத்தனார் கோரியிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். “இந்த வருஷம் ஒண்ணும் வேண்டாம் கோரி. அதுக்கு நான் ஆளில்ல.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க,” என்றாள் கோரி. டியூனிஸுக்கு மூத்தவள். சொன்னதைக் கேட்டு வளர்ந்தவள் இல்லை.

பிறந்தநாளன்று காலை ஹெர்மீன் திரையை விலக்கியபோது சாரா உட்கார்ந்திருந்தாள். டியூனிஸின் பழைய கோட், தலையில் பூப்போட்ட துண்டு, மடியில் பின்னல் ஊசியும் ஒரு அட்டை முட்டையும். கழுத்தில் பலகை: ‘ஹெர்மீன் சாராவைப் பார்த்துவிட்டாள்! ஹாரன் அடிக்கவும்!’ பலூன் வேறு. கோரி அரைநாள் வேலை பார்த்திருக்க வேண்டும்.

ஹெர்மீன் இரவு உடுப்போடு வெளியே போனாள். பலகையைப் பிடுங்கினாள். கிழவியைக் கையைப் பிடித்து இழுத்தாள். கை கழன்று வந்தது. பிறகு காலைப் பிடித்துத் தரதரவென்று சைக்கிள் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாள். தோட்டத்தில் தலைத்துண்டும் வைக்கோலும் கோடு போட்டதுபோல் கிடந்தன. ரொட்டிக்காரனின் வண்டி அந்த நேரம் பார்த்து இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

சிறிது நேரத்தில் கோரி கிரீம் கேக்கோடு வந்தாள். தோட்டத்தைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் நுழைந்தாள்.

“எங்கடி என் சாரா? நாய் வந்து கடிச்சிடுச்சா?”

“நான்தான் எடுத்தேன்.”

“விளையாடறியா? எனக்கு நீ வச்ச கிழவி வாசல்ல ஒரு வாரம் உக்காந்திருந்தா. நான் ஒரு வார்த்தை சொன்னேனா?”

“நான் கிழவி ஆகப் போறதில்ல கோரி.”

“ஓ. பேரழகி நீ. தெரியும்.”

“எனக்கு மூணு வந்திருக்கு.” ஹெர்மீன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “ஆஸ்பத்திரில இருந்து கூப்பிடுவாங்க. பாப் மூணு.”

டியூனிஸ் மேசையில் உட்கார்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முன்னால் ஒரு கிண்ணம் மோர்க்கஞ்சி, மேலே சர்க்கரைப்பாகு. அவர்கள் பாஷையில் கஞ்சிக்குப் பெயரும் பாப்தான்.

“மூணு பாப் யார் கேட்டா?” என்றான் அவன். “எனக்கு ஒரு கிண்ணம் போதும்.”

கோரி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. ஹெர்மீனின் முகத்தைக் கண்டதும்தான் சிரிப்பு நின்றது. கேக்கை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காரு. கீழ எடுத்த சோதனையா? மூணோட ஏதாவது எழுத்து சொன்னாங்களா?”

“சத்தத்துல கேக்கல. மூணு போதாதா? லூபெர்ட்டுக்கும் மூணுதானே சொன்னாங்க!”

“அது கட்டம்டி. புத்து நோய் வந்தவங்களுக்குப் போடற நம்பர். இது சோதனைக்குப் போடற நம்பர். பாப்ங்கிறது எவனோ ஒரு கிரேக்க டாக்டரோட பேரு. ஒண்ணுன்னா சுத்தம். அஞ்சுன்னாத்தான் நெஜமாவே பதறணும். மூணுன்னா செல்லு கொஞ்சம் மாறியிருக்கு, பெரிய டாக்டர் ஒரு தடவை பாக்கட்டும்னு அர்த்தம். முட்டையில குத்தற நம்பர்னு நெனச்சியா நீ?”

ஹெர்மீன் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

“உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?”

கோரி கேக் டப்பாவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். “எனக்கு மூணு பி வந்துச்சு. உன்னுதவிட ஒரு படி மேலயா இருக்கும். நாலஞ்சு வருஷம் முன்னாடி. வெட்டி எடுத்தாங்க.”

“எப்போ? நீ சொல்லவே இல்லையே!”

“கால் நரம்பு ஆபரேஷன்னு சொன்னேன்ல, அப்போ.”

“நான் உனக்கு சூப்பு கொண்டு வந்தேன். கால தூக்கி வச்சுக்கன்னு தலகாணி கொண்டு வந்தேன்.”

“ஆமா. நானும் தூக்கி வச்சுக்கிட்டேன். வேற என்ன பண்றது?”

இப்போது சிரித்தது ஹெர்மீன். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. டியூனிஸ் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு எழுந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தோளில் ஒரு கையை வைத்தான். மாட்டைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டினான்.

“துணி துவைக்கற மெஷினு,” என்றான். “அதுக்குத்தானா?”

அவள் தலையாட்டினாள்.

“நீ சொன்னத நான் ஒழுங்காக்கூட கவனிக்கல,” என்றான் அவன்.

கோரி ஒன்றை மட்டும் கறாராகச் சொன்னாள். “ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்லல. பாத்தாத்தான் தெரியும். ஆனா நீ செத்துப் போயிட்டன்னு யாரும் உனக்குச் சொல்லல. போன் பண்ணிக் கேளு.”

விருந்தாளிகள் வருவதற்கு முன், ஹெர்மீன் துணி உலர்த்தும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டர் ஆபீஸுக்குப் போன் போட்டாள். அதே பெண்தான் எடுத்தாள்.

“அன்னைக்குச் சொன்னேனேங்க.”

“சொல்லியிருப்பீங்க. எனக்குக் கேக்கல. கேக்கலன்னும் நான் சொல்லல. இப்போ மறுபடி சொல்லுங்க, மெதுவா.”

மூன்று ஏ இரண்டு என்றாள் அந்தப் பெண். நடுத்தர மாற்றம். பெரும்பாலும் இது புற்று இல்லை. விட்டுவைத்தால் சிலருக்குப் பல வருஷம் கழித்து அப்படி ஆகலாம், அதனால்தான் பார்க்கிறோம். ஹெர்மீன் கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு, “அப்போ எனக்கு இருக்கா, இல்லையா?” என்றாள். “அதை இப்போ என்னால சொல்ல முடியாதுங்க,” என்றாள் அந்தப் பெண். நேர்மையான பதில்தான்.

அன்று மதியம் எல்லோரும் அந்த ஊர் வழக்கப்படி வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். அவளுக்கும், டியூனிஸுக்கும், கோரிக்கும், வந்த எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்தினார்கள். காப்பி, கேக், ஈரல் தொத்திறைச்சி. சாராவை மிஞ்சிய ஒரு கையோடு திரும்ப வெளியே உட்காரவைத்திருந்தான் டியூனிஸ்.

ஆஸ்பத்திரிக்கு அவனும் லீவு போட்டுக்கொண்டு வந்தான். உள்ளே பெண் டாக்டர். காலைத் தூக்கி வைத்துப் படுக்கச் சொன்னார். வினிகர் தடவப் போகிறேன், கொஞ்சம் எரியும் என்றார். அறை முழுக்க ஊறுகாய் ஜாடியைத் திறந்த வாடை. விளக்கைத் திருப்பி, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பக்கத்துத் திரையில் படம் தெரிந்தது.

“பாக்க வேண்டாம்னா திருப்பி வச்சிடறேன்.”

“பாக்கறேன்,” என்றாள் ஹெர்மீன்.

இளஞ்சிவப்பில் ஒரு ஓரமாக வெள்ளைத் திட்டு. அவ்வளவுதான். இதற்கா உறைபெட்டி முழுக்க லேபிள் ஒட்டினோம் என்று தோன்றியது. டாக்டர் இரண்டு இடத்தில் கிள்ளி எடுத்தார். அது வலித்தது. முடிவு வரப் பதினைந்து நாள் என்றார். அந்தப் பதினைந்து நாளும் அவள் நன்றாக இருந்தாள் என்று சொன்னால் பொய். மதியமானால் பயம் வந்துவிடும். அப்போது கோரிக்குப் போன் போடுவாள். “வந்துடுச்சு,” என்பாள். “சரி, வா, உருளை உரிக்கணும்,” என்பாள் கோரி. போய் உரிப்பாள்.

முடிவு வந்தது. புற்று இல்லை. ஆனால் மாறிய இடத்தை எடுத்துவிடுவது நல்லது. மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய கம்பி வளையத்தால் சீவி எடுத்தார்கள். ஓரங்கள் சுத்தமாக இருந்தன. கொஞ்ச நாள் கனம் தூக்கக் கூடாது என்றார்கள். டியூனிஸ் துணி துவைத்தான். அவனுடைய வெள்ளை உள்பனியன்கள் அன்று முதல் வெளிர்நீலம்.

ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆறு மாதத்தில் பெரும்பகுதி அவளுக்கு நினைவே இல்லாமல் போயிற்று. விளக்கடிக்குத் திரும்பிப் போனாள். வாளி பழைய அளவுக்கு வந்தது. கடைசி வாரம் மட்டும் பயம் திரும்ப வந்தது. எங்கும் போகாமல் எங்கோ மூலையில் காத்திருந்ததுபோல் வந்தது. சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் ஜன்னலைத் தேய்க்கத் துணியை எடுத்தாள். ஒரு கண்ணாடியைத் தேய்த்தாள். பிறகு துணியை வைத்துவிட்டு முன்னறைக்குப் போனாள். டியூனிஸ் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்குப் பயமா இருக்கு டியூனிஸ்.”

அவன் சத்தத்தைக் குறைத்தான். சோபாவில் நகர்ந்து இடம் விட்டான்.

“நாளைக்கு வண்டிய நான் ஓட்டறேன்,” என்றான்.

“எப்பவும் நீதானே ஓட்டற.”

“அதான் சொல்றேன்.”

அவள் உட்கார்ந்தாள். ஆட்டம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். யார் ஜெயித்தார்கள் என்று இருவருமே கவனிக்கவில்லை.