முந்தானை ஏந்தியவர்

மேலுதட்டை இரண்டாம் முறையாக மழித்துக்கொண்டிருக்கிறார் பூலோகம். தையல் கடைக் கதவில் ஆணியடித்து மாட்டிய கைக்கண்ணாடி, அதில் பாதி முகம்தான் தெரியும். தாடி இரண்டு நாள் நிற்கலாம். மீசை இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் கட்டைவிரல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். தாராவியில் அவர் வயதுக்காரர்கள் எல்லாரும் மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிறார்கள். "மீசத் தடம் இருந்தா அரிதாரம் ஒட்டாதுல்லா" என்பார், யாரும் கேட்காமலே. அரிதாரம் பூசிச் சில வருடங்களாகிவிட்டன. பழக்கம் விடவில்லை.

தெருப் பிள்ளைகள் வந்து நின்று, "மாமா, அழுது காட்டுங்க" என்பார்கள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே அழுது காட்டுவார். நிஜக் கண்ணீர். ஊரில் தாய் இறந்ததாகத் தந்தி வந்த அன்று மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. மனைவி முருகம்மாள் திகைத்துப் பார்த்தாள். "எல்லாத்தையும் மேடையிலேயே கொட்டிட்டேன் போலிருக்கு" என்றார்.

அந்தப் பகுதித் தமிழ்ச் சங்கம் ஒரு பள்ளிக்கூடம் நடத்தியது. தகரக் கூரை, இரண்டு அறை, ஒரே வாத்தியார். வருடத்துக்கு ஒரு நாடகம் போட்டுத்தான் அதற்கு வேண்டிய பணத்தைத் திரட்டினார்கள். கதை எதுவானாலும் கைம்பெண்ணாக நிற்பவர் பூலோகம். அழுகையின் உச்சத்தில் மேடையைவிட்டு இறங்கிக் கூட்டத்துக்குள் நடப்பார். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பார். "எம் பிள்ளைக்குக் கேக்கல, ஒங்க பிள்ளையளுக்குக் கேக்கேன்." தோல் பதனிடும் தொட்டிகளிலிருந்து நாற்றம் போகாத கையோடு வந்தவர்கள் கண்ணைத் துடைத்துவிட்டு உள்ளதைப் போடுவார்கள். மறுநாள் அவர்களில் சிலரே அவரைப் பார்த்து விசிலடிப்பார்கள். "ஏ ராணி, சௌக்கியமா?"

புருசன் சாவதற்கு முன் வரும் காட்சிகளுக்கு அவர் கட்டுவது முருகம்மாளின் கூறைச் சேலை. "நான் ஒருநா கட்டினேன், நீங்க வருசா வருசம் கட்டுதிய" என்பாள். சொல்லிவிட்டு மடிப்பு எடுத்துக் கொடுப்பாள். மகள் தங்கமயில் அந்தப் பள்ளியில்தான் படித்தாள்.

அறுபத்து நான்காம் வருடம் பள்ளிக் கூரை ஓட்டையாகிவிட்டது. அடுத்த மழைக்குத் தாங்காது என்று வாத்தியார் சொன்னார். எப்படிப் பணம் திரட்டுவது என்று சங்கம் கூடியது. ரேடியோவைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கலாம் என்றார் ஒருவர். அது சூதாட்டம் என்று தள்ளினார்கள். சினிமாக் கொட்டகையில் ஒரு காட்சி கேட்டுப் பார்க்கலாம் என்றார் உல்லாஸ்நகர் ஜவுளிக்காரர். அப்போது எழுந்தான் புதுச் செயலாளர் ஞானதுரை. மளிகைக்கடை முதலாளியின் மகன், வடாலாவில் பாங்க் வேலை.

"மாதுங்காவுல ஹால் எடுத்துக் கச்சேரி வைப்போம். கௌரவமான ஜனங்க வரணும். ஆம்பள சேல கட்டிப் பிச்சையெடுத்து நடக்கிற ஸ்கூல்னு அங்க சிரிக்கிறாங்க."

பூலோகம் சுற்றிப் பார்த்தார். போன வருடம் தேம்பித் தேம்பி அழுதவர்கள் தரையைப் பார்த்தார்கள். தலைவர் சிவனாண்டிதான் கனைத்துக்கொண்டு பேசினார்: "ஒமக்கும் வயசாச்சுல்லா பூலோகம். இனிமே அந்த வேசம் பொருந்துமா வே?"

"கச்சேரி நல்லதுதான். நம்ம ஆளுவ வருவாவளா?" என்று மட்டும் கேட்டார் பூலோகம்.

"நம்ம ஆளுவ எதுக்குண்ணே? துட்டு அங்கல்லா இருக்கு!" என்றான் ஞானதுரை. எல்லாரும் சிரித்தார்கள். பூலோகமும் சிரித்துவைத்தார்.

ஆனாலும் உழைத்தார். தொண்டர்களுக்குத் துணி பேட்ஜ் தைத்துக் கொடுத்தார். டிக்கெட்டைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்தார். தாராவியில், "நீரு ஆடுதீரா?" என்று கேட்டார்கள். இல்லையென்றதும் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். மாதுங்காவில் அபயாம்பாள் என்ற அம்மாள் வாசல் சங்கிலியை எடுக்காமலே பேசினாள். "தாராவி ஸ்கூலா? ஆத்துல அவர் இல்லை. அப்புறமா வாங்கோ." அப்புறமும் போனார். கதவு திறக்கவில்லை. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

கச்சேரியன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, சந்தனக் கிண்ணத்துடன் வாசலில் நின்றார். ஞானதுரை அவரை ஓரமாக அழைத்தான். "அண்ணே, யாராவது அடையாளம் கண்டுக்கப் போறாங்க. நீங்க உள்ள போய் தண்ணி கிண்ணி பாருங்க." கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். அங்கிருந்து திரை இடுக்கில் பார்த்தால் காலி நாற்காலிகள்தான் தெரிந்தன. முன்வரிசையில் கமிட்டிக்காரர்களின் குடும்பங்கள், மடியில் தூங்கும் குழந்தைகள். பாடகர் பாதியில் கடிகாரத்தைப் பார்த்தார். ஹால் வாடகையும் சன்மானமும் போக, தகரம் வாங்க ஒன்றும் மிஞ்சவில்லை.

ஜூனில் மழை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரை உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகள் இல்லாத நாள் என்று எல்லாரும் சாமியைக் கும்பிட்டார்கள். வாத்தியார் செம்பூரில் டியூஷன் தேடிக்கொண்டார். தங்கமயில் இப்போது முனிசிபாலிட்டியின் இந்திப் பள்ளியில் படிக்கிறாள். வீட்டிலும் இந்திதான் முந்திக்கொண்டு வருகிறது. தமிழ் எழுத்துகளில் பாதி மறந்துவிட்டது. "கியா ஃபரக் படதா ஹை, அப்பா?" என்கிறாள், அதனால் என்ன வந்துவிடும் என்பதுபோல.

சென்ற வாரம் ஞானதுரை தையல் கடைக்கு வந்தான். இந்திப் பள்ளிச் சீருடைக்கான நீலத் துணிகள் அடுக்கியிருந்த பெஞ்சில், அவற்றின் மேலேயே உட்கார்ந்தான்.

"ஸ்கூல மறுபடி தொடங்கணும்னு கமிட்டியில முடிவாயிருக்குண்ணே. நாடகம்தான் சரின்னு எல்லாரும் சொல்லுதாவ. பழையபடி நீங்க எறங்கி வந்து முந்தானைய ஏந்தினாப் போதும்."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"கௌரவம்லாம் பாத்துட்டு இருந்தா ஆகுமாண்ணே? நம்ம பிள்ளையளுக்குத்தான?"

பூலோகம் சக்கரத்தை உள்ளங்கையால் அழுத்தி நிறுத்தினார். எழுந்து வந்து, ஞானதுரைக்கு அடியில் கிடந்த துணியின் நுனியைப் பிடித்தார். "எந்திரிங்க தம்பி, துணி கசங்குது" என்று சொல்லி, அவன் எழுவதற்குக் காத்திராமல் இழுத்தார்.