எந்த மூக்கு வழியாக

ரோட்டில் நடந்தால் இடம் வலம் பார்க்காத மருமகள் என்று செந்துறையில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. என் கணவரின் அக்காவே அதைப் பலரிடம் சொல்லி மெச்சியிருக்கிறார். நான் கூச்சக்காரி, அதனால் எனக்கும் சந்தேகம் வரவில்லை. அரியலூர் பஸ் ஸ்டாண்டில், பக்கத்தில் வாழைத்தாரோடு நின்ற சைக்கிளை இடித்துச் சாய்த்த பிறகுதான் கண் டாக்டரிடம் போனேன். எனக்கு இரண்டு பக்கவாட்டிலும் பார்வையே இல்லை என்றார் அவர். ஸ்கேனில் மூளைக்கு அடியில் ஒரு கட்டி தெரிந்தது. அது கண் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. விட்டால் மிச்சப் பார்வையும் போய்விடும்.

திருச்சியிலிருந்து வாரம் ஒருநாள் பெரம்பலூருக்கு வரும் ஆபரேஷன் டாக்டரைப் பார்க்க நான், கணவர், நாத்தனார் மூவரும் போனோம். டாக்டர் ஒரு தாளில் மூக்கை வரைந்தார். மண்டையைத் திறக்க வேண்டாம். மூக்குக்குப் பின்னால் உள்ள மெல்லிய எலும்பைத் தாண்டினால் கட்டிதான். மேலுதட்டைத் தூக்கி அடியில் கீறிப் போவது பழைய வழி. இப்போது கேமரா வைத்த குழாயை ஒரு மூக்குத் துவாரம் வழியாகவும் விடலாம், இரண்டையும் பயன்படுத்தியும் போகலாம்.

நாத்தனார் என் வலது மூக்கைப் பார்த்தார். என் கல்யாணத்துக்கு அவர் போட்ட மூக்குத்தி அங்கே இருந்தது.

"கட்டி இடப்பக்கம் சாஞ்சிருக்குன்னீங்களே சார். இடது மூக்கு வழியாவே போயிட்டு வந்துரலாமே?"

"இடது மூலையப் பாக்கணும்னா வலப்பக்கம் நின்னு எட்டிப் பாத்தாத்தாம்மா நல்லாத் தெரியும். அந்தக் கதவுகிட்ட நின்னு பாருங்க."

நாத்தனார் நிஜமாகவே எழுந்து போய்ப் பார்த்தார். தெரிந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப உதட்டு வழி?"

"மேல்வரிசைப் பல்லு கொஞ்ச நாளைக்கு மரத்துப்போகும். ரெண்டு துவாரம்னா ஒருத்தர் கேமராவப் புடிச்சுக்கலாம், இன்னொருத்தர் ரெண்டு கையாலயும் வேலை பாக்கலாம். இவங்களுக்கு அதுதான் தோது."

"பல்லு மரத்தா மரத்துட்டுப் போவுது சார். புருசன் இருக்கறப்ப மூக்குத்தியக் கழட்டலாமா?"

அந்தப் புருசன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பேனாவை மூடினார். "எந்த வழியாப் போனாலும் கழட்டணும்மா. கால்ல ஆபரேஷன்னாலும் கழட்டத்தான் சொல்லுவோம்."

"ரெண்டு பக்கமுமே போங்க சார்," என்றேன். அந்த அறையில் நான் பேசியது அவ்வளவுதான். நாத்தனார் என்னை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

மூக்குத்தியைக் கழற்ற அரியலூர் பத்தர் எண்ணெய் விட்டுப் பார்த்தார், குறடால் திருகிப் பார்த்தார். மூளையின் அடிக்குப் போக மூன்று வழி இருந்தது. அந்தத் திருகாணிக்கு ஒரு வழியும் இல்லை. கடைசியில் வெட்டித்தான் எடுத்தார். துளை தூர்ந்துவிடாமல் இருக்க நாத்தனார் வேப்பங்குச்சி ஒன்றைச் செருகினார். திருச்சியில் நர்ஸ் அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது ஒரு பக்கம் ஜன்னல் தெரிந்தது, மறுபக்கம் நாத்தனார் தெரிந்தார். இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தன. அவர் குனிந்து என் மூக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"தூந்து போச்சு," என்றார்.

வீட்டுக்கு வந்து நான் பழையபடி கடைக்குப் போய்வரத் தொடங்கியபின், ஒருநாள் அவர் தம்பியிடம் குறைப்பட்டுக்கொண்டார். "முன்னெல்லாம் தலை நிமிராது. இப்ப ஒம் பொண்டாட்டி ரோட்டுல நாலாபக்கமும் பாத்துக்கிட்டுல்ல போவுது."

நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே அவர் முகம் முழுதாகத் தெரிந்தது.