பதுவை வெயில்

எந்த ஊருக்குப் போவதென்றாலும் அந்த ஊர் வெயிலை முதலில் விசாரிக்கிற பழக்கம் எனக்கு. வீட்டில் சிரிப்பார்கள். மழைக்குக் குடை பிடிக்கலாம், குளிருக்குக் கோட் போடலாம், வெயிலுக்கு என்ன செய்வது என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்தப் பயம் எனக்குப் பிறவியோடு வந்தது என்பார்கள். இல்லை. எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கில் பிராண்டே என்ற சின்ன ஊரில், எனக்கு ஒன்பது வயதான கோடையில் வந்தது.

அப்போது நான் அந்தோனியாருக்கு அடிமை.

இதைக் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும். நான் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்து கண் செருகிவிட்டதாம். மன்னாரில் எங்கள் ஊர் அந்தோனியார் கோயிலுக்கு அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடி, சுருவத்தின், அவருடைய சிலையின், காலடியில் கிடத்தி, இது இனி உம்முடைய பிள்ளை, உயிரை மட்டும் விட்டுவிடும் என்று அடிமை வைத்துவிட்டார். அப்படி வைத்த பிள்ளையைச் சுகமான பிறகு திரும்பக் கொண்டுபோய், அதன் உயரத்துக்கு மெழுகுதிரி கொடுத்து மீட்க வேண்டும். காய்ச்சல் அன்றைக்கே விட்டுவிட்டது. மீட்கிறதுதான் நடக்கவில்லை. ஒரு திருநாளுக்கு அம்மாவுக்குச் சுகமில்லை. அடுத்த திருநாளுக்கு ஆமி பாதையைப் பூட்டியது. பிறகு ஊரே கலைந்துபோனது. நாங்கள் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தபோது, அம்மா இன்னொருவருடைய பொருளைக் கையோடு கொண்டுவந்துவிட்டவர் போலத்தான் என்னைப் பார்ப்பார்.

எங்களோடு இருந்த சின்னம்மா, அம்மாவின் தங்கை, அப்போது இருபது வயதுக்காரி. அவருக்கு இது பெரிய பகிடி. நான் சோற்றைத் தள்ளிவைத்தால், "அக்கா, இவளை ஏன் வெருட்டுறீங்கள்? இவள் அந்தோனியாரின்ர ஆள். அவரிட்டக் கேட்டுத்தான் சாப்பிடுவாள்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். நான்தான் படுக்கையில் கிடந்து யோசிப்பேன். சொந்தக்காரர் வந்து கேட்டால் என்ன செய்வது? அம்மா கொடுத்துவிடுவாரா?

அந்தப் பங்குனியில் அம்மாவின் வயிற்றில் ஒரு கட்டியை வெட்டினார்கள். வெட்டியாயிற்று, இனிச் சுகம் என்று எனக்குச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அம்மாவின் வாயில் ஒரே கதைதான். பிள்ளையை மீட்க வேண்டும்.

மாதம் ஒருமுறை பூசை வைக்க வருகிற டெனிஷ் பாதிரியாரிடம் முதலில் கேட்டார்கள். மொழிபெயர்த்தவர் கார் மாமா. அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. யாழ்ப்பாணத்துச் சைவ சமயக்காரர், அப்பாவோடு துணி ஆலையில் வேலை செய்தவர். எங்கள் ஆட்களில் முதலில் கார் வாங்கியவர் என்பதால் எனக்குக் கார் மாமா. அவர் சொல்லச் சொல்லப் பாதிரியாரின் முகம் சிவந்தது. கடைசியில் அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, எந்தப் பிள்ளையும் யாருக்கும் அடிமை இல்லை என்று மெதுவாகச் சொன்னார். "அவர் சட்டம் கதைக்கிறார் அக்கா" என்றார் கார் மாமா.

பிறகுதான் கார் மாமா ஒருநாள் எங்கள் குசினியில், சமையல் மேசையில், ஐரோப்பா வரைபடத்தை விரித்தார். பிராண்டேயிலிருந்து விரலை இழுத்துக்கொண்டு போனார். ஜெர்மனியைத் தாண்டி, மலைகளைத் தாண்டி, இத்தாலியில் ஒரு சின்னப் புள்ளியில் நிறுத்தினார். "இதுதான் அக்கா உங்கட அந்தோனியாரின்ர ஊர்."

பதுவை. செபப்புத்தகத்தில் பதுவைப் பதியரே என்று வாசித்து வளர்ந்தவர்களுக்கு அது மோட்சத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். அதற்குப் பெற்றோல் அடித்துக்கொண்டு காரில் போகலாம் என்பதை அம்மாவால் நம்ப முடியவில்லை. அந்தப் புள்ளியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆடியில் ஆலை பூட்டுகிற விடுமுறைக்குப் போவதென்று பேச்சு அப்படித்தான் தொடங்கியது.

அப்பாதான் தடையாக நின்றார். "ஆடி மாதம் அங்க நெருப்பாம். இப்பதானே வெட்டி எடுத்தது. செப்டெம்பரில லீவு கேட்டுப் பாக்கிறன்."

"வெயிலோ?" கார் மாமா சிரித்தார். "அண்ணை, நீங்கள் மன்னார் ஆக்கள். உங்கட ஊரில ஆடு நிழல் தேடி ஆக்களுக்குப் பின்னால நடக்கிறது எண்டு சொல்லுவினம். இத்தாலி வெயில் உங்களுக்குக் குளிர்காய்ச்சல் தரும்."

"இரண்டு பனி கண்ட உடம்பு இது. அந்த உடம்பில்லை."

கீழ்வீட்டு டெனிஷ் கிழவி அப்பாவின் பக்கம். அவர் எப்போதோ பஸ்ஸில் இத்தாலிக்குப் போய் வந்தவர். படியில் எங்களைக் கண்டால் கையை விசிறி போல ஆட்டி, "ஃபோர் வாம்ட், ஃபோர் வாம்ட்" என்பார். சரியான சூடு, தாங்க முடியாது என்று அர்த்தம். ஆனாலும் நாங்கள் போகப்போகிறோம் என்று கேள்விப்பட்டதும் அகலமான ஓர் ஓலைத் தொப்பியை அம்மாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து, "சந்தையில கருவாடு விக்கலாம்" என்றார். சின்னம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

எனக்கு அந்த வீட்டில் ஒரு வேலை வந்து சேர்ந்தது. பின்னேரம் தொலைக்காட்சியில் செய்தி முடிந்ததும் காலநிலை சொல்ல ஐரோப்பா வரைபடம் காட்டுவார்கள். ரோம் என்ற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணைப் பார்த்து நான் குசினிக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு என்பேன். "அது எங்கட மார்கழி" என்பார் அம்மா, கம்பளிச் சட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. வெளியே டென்மார்க்கின் ஆடி மாதம், மழை தூறிக்கொண்டிருக்கும்.

விடுமுறைக்கு முன்னால் அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டியிருந்தது. மொழிபெயர்க்கக் கார் மாமா வந்தார். என்னை வெளியே ஒரு வாங்குப் பலகையில் இருத்திவிட்டு மூவரும் உள்ளே போனார்கள். டொக்டர் நெடுநேரம் கதைத்தார். கதவுக்கு இந்தப் பக்கம் அவருடைய குரல் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. கார் மாமாவின் குரல் கேட்கவேயில்லை.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: "இவ்வளவு நேரம் கதைச்சாரே. நீர் ஒரு வசனம்தானே சொன்னீர்."

"அதுதான் அண்ணை. வெயில் ஆகாதாம். அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னவர்."

அம்மா கார் மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு நடந்துபோய்க் காரில் முன் சீட்டில் ஏறிப் பட்டியைப் போட்டுக்கொண்டார். நான் பின்னால் ஏறினேன். அப்பாவும் கார் மாமாவும் வெளியே நின்றார்கள். கார் மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். அப்பா காரின் கூரையில் கையை ஊன்றினார். அவருடைய வயிறும் சட்டைப் பொத்தான்களும் மட்டும் கண்ணாடிக்குள்ளால் எனக்குத் தெரிந்தன. அவை அசையாமல் வெகுநேரம் நின்றன. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "தொப்பியைக் கொண்டுவந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். மழை தூறிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாரும் தலைகீழானார்கள். அதுதான் எனக்கு விளங்காத பெரிய அதிசயம்.

செப்டெம்பர் என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா பரணிலிருந்து சூட்கேசை இறக்கினார். "ஆலை பூட்டின அண்டைக்கே வெளிக்கிடுவம்." வெயிலைப் பார்த்துச் சிரித்த கார் மாமா இப்போது தலையை ஆட்டினார். "சரியான வெயில் அண்ணை. பாதையில ஏதும் எண்டால்..."

"மன்னார்க்காரருக்கு என்ன வெயில்?" அப்பா சத்தம் போட்டார். வீட்டில் அப்பா சத்தம் போட்டு அதற்கு முன் நான் கேட்டதில்லை. "நீர்தானே சொன்னீர், குளிர்காய்ச்சல் வரும் எண்டு."

கார் மாமா எழுந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து, குடிக்காமல் திரும்பப் பூட்டினார்.

அம்மா மேசையடியில் உட்கார்ந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். தலையில் ஓலைத் தொப்பி. ஆஸ்பத்திரி மருந்துக்குத் தலைமயிர் கொட்டியிருந்தது. ஆனால் நான் நினைத்தது வேறு. பதுவை வெயிலுக்கு இப்போதே பழகுகிறார் என்று நினைத்தேன்.

"இண்டைக்கு எவ்வளவு பிள்ளை?" என்று என்னைக் கேட்டார்.

"முப்பத்திநாலு."

வழக்கமான மார்கழிக் கதை வரும் என்று காத்திருந்தேன். அம்மா பெரிய விசயம் கேட்டவர் போலத் தலையசைத்தார். "கூடத்தான். பாத்தீங்களா, பிள்ளையே பாத்துச் சொல்லுறாள். இந்த வெயிலுக்க வேண்டாம். செப்டெம்பரில போவம்."

"செப்டெம்பரிலயோ?" என்றார் அப்பா.

"ஓம். அப்ப தணிஞ்சிடும்."

அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சூட்கேசைப் பூட்டிப் பரணில் வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்காமல் அதைத் தாங்கிப் பிடிப்பவர் போல நின்றார். "நீர் சொன்னால் சரி" என்றார் சுவரைப் பார்த்து.

எனக்குப் பாதி நிம்மதி. அம்மாவுக்கு இனி வெயிலால் ஒன்றும் வராது. ஆனால் மறுபாதி? செப்டெம்பர்வரை நான் அடிமைதானே. அதற்குள் சொந்தக்காரர் கேட்டு வந்தால்? அன்று முழுக்க அம்மாவின் பின்னால் சுற்றிவிட்டுக் கேட்டேன். "அப்ப நான்?"

அம்மா என்னைக் கிட்ட இழுத்தார். பிறகு குசினிச் சுவரில் நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்து தொங்கவிட்ட படத்தைக் காட்டினார். குழந்தை யேசுவை ஏந்திக்கொண்டு நிற்கிற அந்தோனியார். "பதுவைக்காரர் இஞ்சதானே நிக்கிறார். கார் இல்லாமல் வந்திருக்கிறார். அவருக்குத் தெரியும், இத்தாலியில வெயில் எண்டு."

அடுத்த ஞாயிறு என்னை மீட்டார்கள்.

கார் மாமா கடையிலிருந்து வெள்ளை மெழுகுதிரிப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். ஆள் உயரத்துக்கு ஒரே திரி டென்மார்க்கில் எங்கே கிடைக்கும்? என்னைக் குசினி நிலத்தில் நீட்டிப் படுக்கச் சொல்லி, சின்னம்மா பக்கத்தில் திரிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்தார். நான் குதியை நீட்டிக் கள்ளவேலை பார்த்தேன். "எடி, குதியை நீட்டாமல் கிட. அந்தோனியாரை ஏமாத்தினாலும் சரி, நீ அவருக்குக் கூடக் குடுக்கப் பாக்கிறாய்" என்று சின்னம்மா காலில் அடித்தார். கடைசித் திரியைக் கத்தியால் பாதியாக வெட்ட வேண்டியிருந்தது. சைவக்காரரான கார் மாமா சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசலில் கைகட்டி நின்றார். எங்கட கோயிலிலும் பிள்ளை விற்று வாங்குகிறது இருக்கு என்று அப்பாவிடம் மெல்லச் சொன்னார்.

அப்பா படத்தை இறக்கி மேசையில் சாய்த்து வைத்தார். திரிகள் எரிந்தன. அம்மா கதிரையில் உட்கார்ந்து என்னை மடியில் இழுத்துக்கொண்டார். எனக்கு ஒன்பது வயது, கால் நிலத்தில் இழுபட்டது. கூச்சமாக இருந்தது. அம்மாவின் மடி எலும்பாக இருந்தது. ஒரு பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் சொன்னோம். பிறகு அம்மா என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, சின்னம்மாவைப் பார்த்து நீட்டினார்.

"வாங்கு."

சின்னம்மா பின்னால் ஓர் அடி போனார். "நீங்கள்தானே அக்கா வாங்க வேணும்."

"நீ வாங்கு."

"அக்கா, எனக்கு உது..."

"திரி முடியுது பிள்ளை. கை நோகுது எனக்கு. வாங்கு."

சின்னம்மா வாங்கினார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவ்வளவு பகிடி விடுகிற சின்னம்மா என்னைக் கட்டிக்கொண்டு ஏன் இப்படி அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மீட்கிறபோது அழ வேண்டும் போல, அதுவும் முறை போல என்று எண்ணினேன். அம்மா அழவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "சரி, இனி யாரின்ர ஆளும் இல்லை நீ. போய் விளையாடு" என்றார்.

செப்டெம்பர் வந்தது. தொலைக்காட்சியில் ரோம் இருபத்தைந்துக்கு இறங்கியது. அதைச் சொல்ல நான் ஓடிப்போன குசினியில் சின்னம்மா நின்றார். சொல்லாமல் திரும்பி வந்தேன்.

படிப்பு எனக்கு அதிகம் ஏறவில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்று, பிறகு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனேன். சின்னம்மாதான் என்னை வளர்த்தார். கலியாணம் பேசி வந்தவர்களையெல்லாம், இவள் ஆளாகட்டும் என்று திருப்பி அனுப்பினார். அவர் கலியாணம் முடித்தது வெகு பிந்தி. அதற்கும் பிந்தி ஒரு மகன். பிறந்ததும் மூச்சு இழுத்த பிள்ளை என்று அவனையும் அடிமை வைத்தார். அதற்குள் எங்களுக்கென்று ஒரு தமிழ்ப் பாதிரியார் கோடையில் வந்து அந்தோனியார் திருநாள் செய்யத் தொடங்கியிருந்தார். மீட்கிற அன்று நானும் லீவு எடுத்துக்கொண்டு போனேன். வளர்ந்த பிறகு நான் பார்த்த முதல் அடிமை மீட்பு அதுதான்.

பாதிரியார் பிள்ளையைச் சுருவத்தின் காலடியிலிருந்து தூக்கினார். "தாய் வாங்கோ. பிள்ளையைப் பெற்றுக்கொள்ளுங்கோ" என்று கூப்பிட்டார். தாய்தான் வாங்க வேண்டும் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சின்னம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னுக்குப் போனார். போகிற வழியில் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தார்.

என்னை மீட்ட அன்றைக்குக் குசினியில் எனக்கு இது ஒன்றும் தெரியாது. மடியிலிருந்து இறங்கி, படியில் ஓடிப்போய், கீழ்வீட்டுக் கிழவியிடம் டெனிஷில் சொன்னேன், நாங்கள் இத்தாலிக்குப் போகவில்லை, அங்கே சரியான சூடு என்று. அவர் என் கன்னத்தைத் தட்டி, நல்ல முடிவு என்றார். அம்மா தப்பிவிட்டார் என்ற சந்தோசத்தில் நான் இருட்டும்வரை வெளியே விளையாடினேன். ஆடி மாதத்தில் அங்கே இருட்ட வெகுநேரமாகும்.